பந்தக்கால் குழியில் வந்த தண்ணீர்

அந்தச் சந்தில் பதினாறு வீடுகள். பதினைந்து வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பதினாறாவது வீட்டுப் படியில் நான் மூன்றாவது முறையாகப் போய் நின்றபோது, வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னும் மனசு மாறல மேடம். மோர் வேணா குடிச்சிட்டுப் போங்க."

வெயிலில் நடந்து வந்திருந்தேன். மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பெங்களூரில், தொம்மலூரின் பழைய ஊர்ப்பகுதி அது. நாலாபுறமும் கண்ணாடி ஆபீஸ்கள். நடுவே, ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் ஸ்கூட்டர் யாராவது வீட்டு வாசலில் ஏறி நிற்கவேண்டிய சந்துகள். அவற்றின் அடியில் கிடந்த பழைய குடிநீர்க் குழாய்களை எடுத்துவிட்டுப் புதியவை பதிக்க அரசு ஒரு திட்டம் போட்டிருந்தது. அதில் நான் ஒப்பந்த ஊழியர். தோண்டுவது என் வேலை இல்லை. தோண்டுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், என்ன நடக்கப்போகிறது, எத்தனை நாள் ஆகும் என்று சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்குவதுதான் என் வேலை. ஒரு சந்தில் எல்லா வீடும் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே கடப்பாரை இறங்கலாம் என்பது பணம் கொடுத்தவர்கள் வைத்த விதி. மத்திய அரசு ஒரு பங்கு, மாநில அரசு ஒரு பங்கு, நகரம் ஒரு பங்கு என்று மூன்று பேர் கொடுக்கும் பணம் அது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கெடு: மார்ச் முப்பத்தொன்று. அதற்குள் முடியாத வேலைக்கான பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

நான் திருப்பத்தூர்க்காரி. சமூகவியல் படித்துவிட்டு, விவேக் நகரில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தமிழ் பேசும் சந்துகளுக்கு ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். எனக்குக் கன்னடமும் சுமாராக வரும். யாரிடமும் நல்லபடியாகப் பேசிக் காரியம் முடித்துவிடுவேன் என்று அதுவரை எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்தப் பதினாறாவது வீட்டு அக்கா அதை மூன்று டம்ளர் மோரில் கரைத்துவிட்டார்.

அவர் சந்து முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ரேஷன் கார்டு, பென்ஷன், வீட்டு வரி என்று எந்த அரசு விண்ணப்பமானாலும் அந்தக் கடையில் பிரதி எடுத்துவிட்டு, அவரிடமே கேட்டு நிரப்புவார்கள். எங்கள் திட்ட அறிவிப்பையே நான் அங்கேதான் பிரதி எடுத்தேன். படித்துப் பார்த்து, "ரெண்டாவது பக்கத்துல நம்பர் தப்பா இருக்கு" என்று காட்டியவரும் அவர்தான். புரியாமல் மறுக்கிறவர் இல்லை. அதனால்தான் எனக்குப் பேச வழி தெரியவில்லை.

"அக்கா, உங்களுக்கு ஏன் வேணாம்? அதை மட்டும் சொல்லுங்க" என்று ஒருநாள் கடையிலேயே கேட்டேன்.

இடது மணிக்கட்டை நீட்டினார். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது.

"சாக்கடை வேலைன்னு தோண்டுனாங்க. நாலு நாளுன்னாங்க. நாலு மாசம் பள்ளம் அப்படியே கெடந்துச்சு. மழையில பள்ளம் எது, ரோடு எதுன்னே தெரியல. விழுந்தேன். இப்ப மார்ச் மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். மாப்ள வீட்டுக்காரங்க ஓசூர்லேர்ந்து வராங்க. அவங்களும் வந்து குழியில விழணுமா?"

"கல்யாணம் ஆனப்புறம் தோண்டலாமா?"

"தாராளமா. வீட்டுக்குள்ளகூட தோண்டிக்கோங்க."

இதை எங்கள் ஜூனியர் இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர். தாவணகெரேப் பக்கத்துப் பெண், முதல் போஸ்டிங். தமிழ் புரியும், பேசும்போது பாதி கன்னடமாகிவிடும். அவர் நாள்காட்டியை எடுத்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கல்யாணம் இருபத்தி ரெண்டு. ஆமேலே, அதுக்கப்புறம் ஒம்பது தின. அதுக்குள்ள கான்ட்ராக்டர் ஆளுங்க வேற வார்டுக்குப் போயிடுவாங்க. இந்தச் சந்தை விட்டுடலாம் அனிசுத்தே, தோணுது."

விட்டுவிடுவது என்றால், 'மக்கள் சம்மதிக்கவில்லை' என்று நான் ஒரு கடிதம் எழுதவேண்டும். அடுத்த தவணைப் பணம் எப்போது வரும், வந்தால் இந்தச் சந்து பட்டியலில் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சந்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். கடைசி மூன்று வீடுகளுக்கு அது நூல் மாதிரிதான் வரும். நானே வாளி வைத்துப் பார்த்துக் குறித்திருந்தேன். கடிதத்தை இரண்டு முறை எழுதத் தொடங்கி இரண்டு முறையும் மூடிவைத்தேன்.

அப்போதுதான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம காலைல பந்தக்கால் நடறோம். வந்துடுங்க. கையெழுத்து பேப்பரைக் கொண்டாராதீங்க. வெறும் ஆளா வாங்க."

கல்யாணத்துக்கு ஏழு நாள் முன்னால் அது. நான் ஒரு பருத்திப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். பேப்பர் கொண்டுபோகவில்லைதான். ஆனால் என் பைக்குள் அந்தப் பகுதியின் குழாய் வரைபடம் எப்போதும் மடித்து வைத்தபடி இருக்கும்.

வாசலில் ஈசானிய மூலையைப் பார்த்துக் குறித்திருந்தார்கள். மஞ்சள் துணி கட்டிய மூங்கில் காலும், மாவிலைக் கொத்தும், ஒரு செம்பில் பாலும், நவதானியமும் தயாராக இருந்தன. பந்தல்காரர் கடப்பாரையை ஓங்கினார். மேலே இருந்த சிமென்ட் பெயர்ந்தது. மண் வந்தது. பெண்கள் ஐந்து பேர் குழியைச் சுற்றிப் பால் ஊற்றக் காத்திருந்தார்கள். கல்யாணப் பெண் ஒரு தனியார் லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். மஞ்சள் புடவையில் நின்றுகொண்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு ஜாண் போகட்டும்ப்பா, காத்தடிச்சா ஆடக்கூடாது" என்றார் அக்கா.

பந்தல்காரர் இன்னொரு குத்துக் குத்தினார். 'ணங்' என்றது. கல் என்று நினைத்து இன்னும் ஓங்கிக் குத்தினார்.

சந்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நாள் அது. குழிக்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு பாய்ச்சல் கிளம்பி முதல் மாடி ஜன்னல்வரை போயிற்று. ஐந்து பட்டுப்புடவைகளும் ஒரே நேரத்தில் நனைந்தன. பந்தல்காரர் தன் துண்டைச் சுருட்டிக் குழிக்குள் திணித்தார். தண்ணீர் துண்டைத் தூக்கி எதிர் வீட்டுக் கம்பியில் போட்டது. பால் செம்பு உருண்டது. யாரோ "ஐயோ" என்றார்கள். ஒரு கணம் அந்தச் சந்து முழுவதும் அக்காவின் முகத்தைப் பார்த்தது. இது நல்ல சகுனமா, கெட்டதா என்று யாருக்கும் முடிவு செய்யத் தெரியவில்லை.

கல்யாணப் பெண்தான் முதலில் சிரித்தாள். முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருக்க, குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஓசூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, "காவேரியே நேரா வந்துட்டா. இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார். அதோடு எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

நான் வால்வைத் திறந்து மூடுகிற ஊழியருக்குப் போன் செய்தேன். அடுத்தபடியாக ஜூனியர் இன்ஜினியருக்கு. கால் மணியில் தண்ணீர் நின்றது. அரை மணியில் இன்ஜினியர் ஸ்கூட்டரில், பின்னால் ஒரு பிளம்பரை உட்காரவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"எங்க இருக்குது பைப்புன்னு உங்ககிட்ட மேப் இருக்குமே?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

வேறு வழியில்லாமல் எடுத்து விரித்தேன். வரைபடத்தில் குழாய் சந்தின் எதிர்ப்புறம் ஓடியது. அக்கா வரைபடத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூமிக்குள்ள நடந்து இந்தப் பக்கம் வந்துடுச்சா?"

"பழைய மேப் அக்கா" என்றேன். அவசரமாக மடித்துப் பைக்குள் போட்டேன்.

இன்ஜினியர் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இந்தச் சந்தில் வேலையை முடிக்க அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. இனி வேறு வழியே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அக்கா, பயப்படவேணாம். ஒடெஞ்ச இடத்தை மட்டும் கட் பண்ணி ஜாயின்ட் போட்டுடறோம். ஒந்து கண்டே, ஒரு மணி நேரம். கல்யாணத்துக்குத் தொந்தரவு இருக்காது."

பிளம்பர் இறங்கி, உடைந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் அறுத்தார். முழ நீளத்துக்கு ஒரு துண்டு வந்தது. மேலே தூக்கி வைத்தார். அக்கா அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். வெளியே கைக்கு அடங்காத பருமன். உள்ளே துரு அடைத்து அடைத்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் துவாரம் இருந்தது. துருவுக்கு நடுவே கருப்பாக ஏதோ வழவழவென்று ஒட்டியிருந்தது.

கல்யாணப் பெண்ணும் வாங்கிப் பார்த்தாள். "அம்மா, இதை எங்க லேப்ல குடுத்தா ஓடியே போயிடுவாங்க" என்றாள்.

"இதுலயா நாம இத்தன வருஷம் குடிச்சோம்?" என்றார் அக்கா, யாரையும் கேட்காமல்.

பிளம்பர் ஜாயின்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் குழிக்குள் இறங்கப்போனார். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"இரு. மேடம், முழுச் சந்தும் மாத்தறதுக்கு நெஜமா எத்தன நாளு? ஆபீஸ் கணக்கு வேணாம். நெஜக் கணக்கு."

இன்ஜினியர் விரல்விட்டு எண்ணினார். "சின்ன சந்து. நாளைக்கு ஷுரு பண்ணினா மூரு தின. மூணு நாளு."

"தார்?"

"நாலாவது நாளு."

"வாங்க கடைக்கு."

ஈரப் புடவையோடு கடையைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தமிழில் ஒரு வரி, அதன் கீழேயே கன்னடத்தில் ஒரு வரி என்று எழுத ஆரம்பித்தார். எந்த நாள் எங்கே தோண்டுவது, ஒவ்வொரு வாசலிலும் பலகை போடுவது, சாயங்காலம் ஆறு மணிக்குமேல் திறந்த பள்ளம் இருக்கக்கூடாது, தினம் ஒரு டேங்கர் தண்ணீர். கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்: "சொன்ன நாளில் முடியாவிட்டால், இன்ஜினியர் மேடம் பந்தல் வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் காரணம் சொல்லவேண்டும்."

இன்ஜினியர் ஒரு நொடி தயங்கினார். அரசு அலுவலகத்தில் இப்படி ஒரு தாள் கிடையாது. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கான்ட்ராக்டரின் மேஸ்திரியை வரவழைத்து அவரிடமும் வாங்கினோம். அதன்பிறகுதான் அக்கா எங்கள் சம்மதப் படிவத்தில் பதினாறாவது கையெழுத்தைப் போட்டார். எல்லாவற்றையும் நான்கு பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். என் பிரதியில் மஞ்சள் விரல் ரேகை ஒன்று பதிந்திருந்தது.

பந்தக்காலை ஓர் அடி தள்ளி நட்டார்கள். பால் புதிதாகக் காய்ச்ச வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லாரும் வட கர்நாடகத்துக் கலபுரகிப் பக்கத்து ஆட்கள். சந்து குறுகல் என்பதால் இயந்திரம் நுழையாது, கையால்தான் தோண்டினார்கள். பதினாறு வாசலிலும் பலகை போட்டாயிற்று. ஒரு பக்கம் கல்யாண வீட்டுக்குக் காய்கறி மூட்டை வர, இன்னொரு பக்கம் கருப்புக் குழாய்கள் சுருள் சுருளாக வந்தன. இரண்டும் ஒரே பலகை வழியாகத்தான் போகவேண்டும். முறுக்குத் தட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த சித்தி ஒருவர் பலகை நடுவில் நின்றுவிட்டார். முன்னால் போகவும் பயம், பின்னால் வரவும் பயம். பள்ளத்துக்குள் நின்ற ஆள் ஒருவர் கையை உயர்த்தி, "பன்னி அம்மா, பன்னி" என்று கன்னடத்தில் வரச்சொல்லி, விரல் பிடித்துக் கடத்திவிட்டார். அவருக்குக் கை நிறைய முறுக்கு கிடைத்தது. அன்றிலிருந்து பலகை பக்கத்தில் நிற்க அந்த ஆட்களுக்குள் போட்டி.

இரண்டாம் நாள் மதியம் வேலை நின்றது. கடப்பாரைக்கு ஒரு பெரிய கற்பலகை தட்டியது. எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய சாக்கடைத் தொட்டி. உடைத்தால் ஒரு வாரம் போகும். நான் அக்காவைப் பார்க்கவே பயந்து எதிர்ப்பக்கம் நின்றுகொண்டேன். இன்ஜினியர் பள்ளத்துக்குள் இறங்கி, மண்டியிட்டு, கையால் மண்ணைத் தள்ளித் தள்ளித் தொட்டியின் ஓரத்தைத் தேடினார். அப்போது அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்தார். நான் நினைத்ததுபோல் தாளை எடுத்து நீட்டவில்லை.

"எங்க படிக்கட்டை ஒடெச்சா எடம் கெடைக்குமா?" என்று கேட்டார்.

இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, கல்யாண வீட்டுப் படி..."

"கீழ்ப் படி ஒண்ணுதானே. ஒடைங்க. பொண்ணு மேல்படியிலேர்ந்து எறங்குவா."

கீழ்ப் படியை உடைத்தார்கள். குழாய் தொட்டியைச் சுற்றி வளைந்து போயிற்று. மேஸ்திரியே மாலையில் சிமென்ட் குழைத்து, பழையதைவிட அகலமாகப் புதுப் படி கட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மாலை குழாய் முழுவதும் பதித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்புக் கொடுத்து, மண்ணையும் மூடியாயிற்று. நாலாவது நாள் தார் வரவில்லை. மார்ச் மாதத்தில் நகரம் முழுவதும் எல்லாத் திட்டத்தாரும் ஒரே நேரத்தில் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். தார் லாரி இன்னும் பத்து நாளைக்குக் கிடையாது என்று பதில். இன்ஜினியர் போனில் கெஞ்சினார், கத்தினார். கடைசியில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அக்கா, தப்பு நம்தே. எங்க தப்பு. கல்யாணத்தன்னைக்கு நான் வாசல்ல நின்னு சொல்றேன்."

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். மூன்று நாள் வெயிலில் நின்று அந்தப் பெண்ணின் முகம் கறுத்திருந்தது.

"தார் நாத்தம் கல்யாண வீட்ல எதுக்கு? மண்ணை நல்லா கெட்டி பண்ணிக் குடுங்க. கோலம் நிக்கணும், அவ்வளவுதான்."

கல்தூள் கொட்டி, தண்ணீர் தெளித்து, கைரோலர் வைத்து இழுத்தார்கள். ஆட்களோடு சேர்ந்து, ஓசூரிலிருந்து மறுபடி வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தைகூட ஒரு சுற்று இழுத்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியத்துக்குமேல் பதினாறு வீட்டுப் பெண்களும் கோலப்பொடியோடு இறங்கினார்கள். புது மண்ணில் சந்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே கோலம். அவரவர் வாசலுக்கு நேராக அவரவர் பாணி. ஒரு வீட்டில் கம்பிக்கோலம், அடுத்த வீட்டில் தாமரை, அதற்கடுத்த கிறிஸ்தவ வீட்டில் நட்சத்திரம். எனக்கும் ஒரு முழ இடம் ஒதுக்கினார்கள். புள்ளி தப்பிவிட்டது, யாரும் சொல்லிக்காட்டவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் புதுக் குழாயில் முதல்முறையாகத் தண்ணீர் விட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அது வந்துவிட்டிருந்தது. சந்தின் கடைசி வீட்டுக்காரர் ஒருவர், பல் தேய்க்கும் பிரஷ் வாயிலேயே இருக்க, ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மோட்டார் போடாமலே மாடிக் குழாயில் தண்ணீர் பக்கெட்டை அடித்துக்கொண்டு விழுந்தது. அவர் பேசவில்லை, பேசினால் நுரை வந்திருக்கும். விரலால் மேலேயும் கீழேயும் காட்டிக்கொண்டே இருந்தார்.

இன்ஜினியர் பச்சைப் பட்டுப் புடவையில் வந்தார். அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. வேலையாட்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அப்படித்தான் வேண்டுமென்று சொல்லிவிட்டார். ஓசூர்க்காரர் ஒருவர் இன்ஜினியரைக் காட்டி, "இவங்க யாரு, உங்க சொந்தமா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அக்கா. இன்ஜினியர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டது ரசத்தின் காரத்தால் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தார் லாரி மார்ச் முப்பதாம் தேதி வந்தது. அன்று மாலை அளவெடுத்து, கடைசிக் கையெழுத்துப் போட்டு, கோப்பை ஆபீசுக்கு அனுப்பினோம். கிளம்பும்போது இன்ஜினியர் அவசரப்பட்டு, இன்னும் சூடு ஆறாத தாரின் நடுவில் கால் வைத்துவிட்டார். செருப்பு ஒட்டிக்கொண்டது. அவர் ஒற்றைக் காலில் நின்று இழுக்க, நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, செருப்பு வந்தது, வார் அறுந்துவிட்டது. ஸ்கூட்டரைச் சந்து முனையிலேயே விட்டுவிட்டு, வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு என்கூடவே பஸ் ஸ்டாப்வரை நடந்தார். வழியில் ஆளுக்கு ஓர் இளநீர் குடித்தோம். நாளைக்கு விடுமுறை எடுத்துத் தூங்கப்போவதாகச் சொன்னார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.